லிட்டருக்கு ஆறு

மைலேஜ் விஷயத்தில் மட்டும் மனிதர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. பத்தொன்பது வருஷமாகப் பங்க்கில் நின்று எண்ணெய் அடிக்கிறவன் சொல்கிறேன். சின்னக் கார்க்காரர்கள்கூட ஓரளவு உண்மை பேசுவார்கள். வண்டி பெரிதாகப் பெரிதாகப் பொய்யும் பெரிதாகிவிடும். தலையில் கேரியர், முதுகில் உபரிச் சக்கரம், நாலு சக்கரமும் இழுக்கிற ராட்சச வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "எவ்வளவு கொடுக்குது சார்?" என்று பேச்சுக்குக் கேட்டு வைப்பேன். "பன்னெண்டு, பதிமூணு" என்பார்கள், கண் கொட்டாமல். பெட்ரோல் வண்டியாக இருந்தால் "பத்துக்குக் குறையாது". முந்தாநாள்தான் அதே ஆளுக்கு அதே டேங்கை நான் வழிய வழிய நிரப்பி அனுப்பியிருப்பேன். புத்தகத்தில் கம்பெனிக்காரன் அச்சடித்த எண்ணை அவர்கள் சொந்தப் பிள்ளை வாங்கிய மார்க் மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன்.

இத்தனை வருஷத்தில் உண்மையைச் சொன்ன பெரிய வண்டிக்காரர் ஒரே ஒருவர். "ஆறு, தம்பி. காத்து நம்ம பக்கம் அடிச்சா ஆறரை" என்பார். நான் குடியிருக்கும் பின்கட்டு அறை அவருடைய வீட்டில்தான் இருக்கிறது. எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. முன்னறையில் அண்ணி ஜன்னல் திரைச்சீலை தைக்கிறார். நடு அறையில் அவர்கள் இருவரும். பின்னால் நான், என் ஸ்டவ், டீசல் வாசனை போகவே போகாத இரண்டு சட்டைகள். அந்த ஆறு என்ற உண்மைதான் அண்ணனை மாட்டிவிட்டது.

மலை உச்சிகளில் நிற்கும் போன் டவர்களைப் பராமரிக்கிற கம்பெனியில் அவர் டிரைவர். ஏழு பேர் உட்காரும் வெள்ளை டீசல் வண்டி. மூன்று டெக்னீஷியன்கள், ஆள் கனத்துக்கு ஆறு பேட்டரிகள், மேலே ஏணி, கேபிள் சுருள் என்று ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்புவார். ஒரே நாளில் அந்த மலையிலுள்ள மூன்று டவர்களையும் பார்த்துவிட்டு இறங்குவார். கூட வருகிற டெக்னீஷியன்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "ஆமைன்னா என்ன, அதுக்கும் நாலு காலும் சேர்ந்துதானே இழுக்குது" என்பார்.

கம்பெனிக்குப் புதிதாக ஒரு வண்டிப் பிரிவு அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண். வந்த முதல் மாதமே சுவரில் ஒரு தாளை ஒட்டினார். ஒரே மாதிரி வண்டிகள் ஐந்து. நாலு வண்டிகள் லிட்டருக்கு ஒன்பதை ஒட்டிக் கொடுக்கின்றன. ஐந்தாவது ஆறு. எல்லா வண்டிகளும் மலைக்குத்தான் போகின்றன, எல்லாம் ஒரே வயது. அண்ணன் வண்டியின் டேங்க், பைப், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கம்பெனி மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாள் கடிதம் வந்தது. மிச்ச டீசல் எங்கே போனது என்று ஒரு வாரத்துக்குள் விளக்கம் எழுத வேண்டும்.

திருடினாயா என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வண்டிக்கு டீசல் அடிக்கிறவன் நான், அவர் வீட்டிலேயே குடியிருக்கிறவனும் நான். பங்க்கில் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கே இப்படி என்றால் அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார், நடந்து. வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முன்னறையில் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டிருக்காங்க?" என்றார் அண்ணி, மெஷினிலிருந்து காலை எடுக்காமல்.

"டீசல் எங்க போச்சுன்னு."

"வண்டி குடிச்சுதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நாலு வண்டி குடிக்காததை உங்க வண்டி மட்டும் ஏன் குடிக்குதுன்னு கேக்கறாங்க."

"அதானே, ஏன் குடிக்குது?"

"பெரிய வண்டி, குடிக்குது. நான் என்ன அதுக்கு ஊட்டியா விடறேன்?"

மெஷின் நின்றது. அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. யாராவது பாவம்னு கேட்டாங்கன்னு ஒரு கேன், ரெண்டு கேன் ஊத்திக் குடுத்தீங்களா? உங்களுக்கு இல்லைன்னு சொல்ல வராதே."

அண்ணன் எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போய்க் கால் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கால். ரொம்ப நேரம் கழுவினார். அண்ணி தன் வாயைத் தானே அடித்துக்கொள்வதுபோல் கையைக் கொண்டுபோய், என்னைப் பார்த்ததும் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் என் அறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. வியாழக்கிழமை அதிகாரியே வண்டியில் உட்கார்ந்து வருவார். டேங்கை நிரப்பி, மூடியில் சீல் ஒட்டி, வழக்கமான பாரத்தோடு வழக்கமான பாதையில் போய்த் திரும்பி, அதே பங்க்கில் அதே குழாயில் மறுபடி நிரப்ப வேண்டும். எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தால் தீர்ந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணியின் தம்பி வந்து சேர்ந்தான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கைரேகையே கிரீஸில்தான் வரைந்ததுபோல் இருக்கும். வாயும் கொஞ்சம் பெரிது.

"மாமா, நான் இருக்கறப்ப நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க? ஒம்போது என்ன, பத்தே வர வைக்கலாம். டயர்ல காத்தை ரெண்டு பாயிண்ட் கூட வெச்சுக்குங்க. ஏசியைத் தொடவே தொடாதீங்க. மேல இருக்கற ஏணியைக் கழட்டிடுங்க, காத்து தடுக்காது. எங்கேயும் விருட்டுன்னு மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டருக்கும் உங்க காலுக்கும் நடுவுல ஒரு முட்டை இருக்கறதா நினைச்சுக்குங்க. எங்க நின்னாலும் இன்ஜினை அணைச்சுடுங்க."

அண்ணன் நல்ல மாணவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் "சரி மாப்ள, சரி மாப்ள" என்றார். நானும் என் பங்குக்கு இரண்டு யோசனைகள் சொன்னேன். பங்க்காரன் என்றால் சும்மாவா.

அண்ணி ரொட்டிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"டேய், நிறுத்து. நாளைக்கு ஒம்போது வந்துடுச்சுன்னா என்ன ஆகும்?"

"மாமா ஜெயிச்சுட்டாருன்னு ஆகும்கா."

"மண்ணாங்கட்டி ஆகும்! மேடம் பக்கத்துல உக்காந்தா வண்டி ஒம்போது குடுக்குது, தனியா போனா ஆறு குடுக்குதுன்னா, மீதியை யார் எடுத்தான்னு கேக்க மாட்டாங்களா? நாளைக்கு ஒம்போது வந்தா உன் மாமா திருடன்டா!"

நாங்கள் மூன்று ஆண்கள், அதில் இரண்டு பேர் எண்ணெயிலேயே ஊறியவர்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. திரை தைக்கிறவருக்கு உறைத்தது.

தம்பிக்காரன் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்துவிட்டு உற்சாகமாக மறுபக்கம் தாவினான். "அப்ப காத்தை இறக்கிடுவோம். ஏசியைப் போடுங்க. பிரேக்கை லேசா டைட் வெச்சு..."

"மாப்ள," என்றார் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னார். "நான் தினம் எப்படி ஓட்டுவேனோ அப்படியேதான் ஓட்டுவேன். வர்றது வரட்டும்."

"வேலை போயிடும் மாமா."

"போகட்டும். நடிச்சுக் காப்பாத்தற வேலை எனக்கு வேணாம்."

அன்று அந்த வீட்டில் ரொட்டியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டி நன்றாக டீசல் குடிக்க வேண்டும் என்று ஒரு குடும்பமே வேண்டிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு வண்டி பங்க்குக்கு வந்தது. வறண்ட காற்று, மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டீசல் நுரைக்கும் என்பதால் குழாய் தானாக நின்ற பிறகும் வண்டியை நாலு பேர் பிடித்து ஆட்டினோம். நுரை அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுத்து வரை நிரப்பினேன். அதிகாரி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடியில் சீல் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். ஆனால் முகத்தில் கெட்ட எண்ணம் இல்லை. மூன்று டெக்னீஷியன்களில் ஒருவருடைய இடத்தில் அதிகாரி உட்காருவார், இன்னொருவர் லீவு. "எடைக்கு ஆள் வேணுமே" என்று அதிகாரி சுற்றிப் பார்த்தபோது எங்கள் முதலாளி என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

அப்போதுதான் அண்ணி வந்து நின்றார், கையில் பிளாஸ்கும் ஒரு பையுமாக.

"நானும் வர்றேன்."

"இல்லம்மா, வழக்கமான பாரம்தான் இருக்கணும்" என்றார் அதிகாரி. "கூட ஆள் ஏறினா கணக்கு மாறிடும்."

அண்ணி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு பேட்டரி எவ்வளவு கனம்?"

"அறுபத்தி ரெண்டு கிலோ" என்றார் அண்ணன் தரையைப் பார்த்தபடி.

"நானும் அதேதான். ஒண்ணை இறக்குங்க. நான் ஏறிக்கறேன்."

அதிகாரி முதன்முதலாகச் சிரித்தார். பங்க்கில் டயர் காற்று அளவு பார்க்கிற சாமான்தான் இருக்கிறது, ஆள் எடை பார்க்க ஒன்றும் கிடையாது. அண்ணி சொன்னதை அப்படியே நம்பி ஒரு பேட்டரியை இறக்கினோம். அண்ணி அந்த இடத்தில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர். அதிகாரி மைல்கற்களோடு வண்டி மீட்டரை ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். அண்ணன் எப்போதும்போல் ஓட்டினார். விருட்டென்று மிதிக்கவில்லை, தேவையில்லாமல் பிரேக் போடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த மனுஷன் ஓட்டுகிற அழகுக்குப் பத்து வந்துவிடும் போலிருந்தது. திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவருக்கும் அதே பயம்தான். பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பாலம். அண்ணன் வண்டியை ஓரங்கட்டி முழுசாக நிறுத்தினார். பெரிய கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியைப் பிடித்து இழுத்தார். அடியில் எங்கோ டொக்கென்றது. அதற்குப் பிறகு இன்ஜின் கத்தியது, வண்டி மட்டும் சைக்கிள்காரன் முந்திவிடுகிற வேகத்தில் ஏறியது. வளைவுகளில் டயர் தாரில் இழுபட்டு முனகியது. டெக்னீஷியன் தலை தொங்கத் தூங்கிப்போயிருந்தார்.

"இப்ப என்ன போட்டீங்க?" என்றார் அதிகாரி.

"சின்னக் கியர் மேடம்."

"அது சேத்துல மாட்டினா போடறது. ரோடு எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கே. எதுக்கு இப்ப?"

"அந்தப் பாலத்துல போட்டுடுவேன் மேடம்."

"எப்ப எடுப்பீங்க?"

"திரும்பி அந்தப் பாலத்துக்கு வர்றப்ப."

அதிகாரி பேனாவை மூடினார். "மூணு டவரும் போயிட்டு இறங்கற வரைக்குமா? அறுபது கிலோமீட்டரும் இதே கியர்லயா? இப்படி ஓட்டினா டீசலை வாளியில மொண்டு ஊத்தற மாதிரி ஆச்சே. எத்தனை வருஷமா இப்படி?"

"ஒம்போது வருஷமா."

"டெக்னீஷியன்ஸ் யாரும் சொல்லலையே!"

"பாலம் வர்றதுக்குள்ள தூங்கிடுவாங்க மேடம்."

"விளக்கம் கேட்டமே, அதுல இதை எழுத வேண்டியதுதானே? ஒரு வரி எழுதியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே?"

அண்ணன் ஒரு வளைவை முழுசாகத் திருப்பி முடித்தார். "இது வீட்டு விஷயம் மேடம். ஆபீஸ் காகிதத்துல எழுத மனசு வரல."

"வீட்டு விஷயமா?"

பின்னாலிருந்து அண்ணி பொறுக்க முடியாமல், "கேக்கறாங்கல்ல, வாயைத் திறந்து சொல்லுங்களேன். யாரு போடச் சொன்னா?" என்றார்.

"நீதான்."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"அன்னிக்கு மழையில வண்டி சறுக்கிப் பின் சக்கரம் விளிம்புல தொங்கிச்சே. நெஞ்சு வரைக்கும் சேறோட வந்து நின்னேன். சின்னக் கியர் போடாததாலதான் சறுக்குச்சுன்னு வாயை வெச்சுக்கிட்டு இருக்காம உங்கிட்ட சொல்லிட்டேன். நீ என் சட்டையைப் பிடிச்சு உலுக்குன. இனிமே அந்தச் சின்னக் கியரைப் போடாம அந்த மலையில ஒரு அடி ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு சொன்ன."

"அழுகையில என்னென்னமோ சொன்னேன். அதெல்லாம்..."

"நான் சரின்னேன்ல?" என்றார் அண்ணன்.

அண்ணிக்குச் சுத்தமாக நினைவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோபத்திலும் பயத்திலும் கொட்டிவிட்டு அவர் மறந்துபோன ஒரு வாக்கியத்தை, இந்த மனிதர் மலையேறிய ஒவ்வொரு நாளும் பாலத்தில் நிறுத்திச் செய்துகொண்டிருந்திருக்கிறார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்? அதிகாரி அதற்கப்புறம் வெகு நேரம் எதையும் குறிக்கவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. டவருக்கடியில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். அண்ணி எல்லோருக்கும் முட்டை உரித்துக் கொடுத்தார். அண்ணனுக்கு மட்டும் இரண்டு. அவர் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார்.

திரும்பிப் பங்க்குக்கு வந்தபோது மொத்தம் நூற்றிருபது கிலோமீட்டர். சீலைக் கிழித்தேன். அதே நுரை, அதே ஆட்டல். பிடித்தது பத்தொன்பதே முக்கால் லிட்டர். ஆறைத் தாண்டி ஒரு பொட்டு.

"ஆறு!" என்று கத்தியேவிட்டேன். லிட்டருக்கு ஆறு கிடைத்ததற்குக் கைதட்டிய ஆட்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அதிகாரி தன்னிடமிருந்த கடித நகலை எல்லோர் முன்னாலும் கிழித்துப்போட்டார். "உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான்" என்றார். அந்த வயதுக்கு அது பெரிய மனசு. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆனா இனிமே இப்படி ஓட்ட முடியாது. மழைன்னா போடுங்க, சேறுன்னா போடுங்க. காஞ்ச ரோட்டுல தொடக் கூடாது. முடியாதுன்னா டவுன் வண்டிக்கு மாத்திடறேன்."

"டவுன் வண்டியே குடுங்க மேடம்" என்றார் அண்ணன், யோசிக்காமல்.

பன்னிரண்டு வருஷமாக அந்த மலை வண்டியை அவர் எப்படி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகூடக் கழுவித் துடைத்துக்கொண்டிருப்பார். டவுன் வண்டி என்றால் பத்து அடிக்கு ஒரு சிக்னல், நாள் முழுக்க ஹாரன். அண்ணிக்கும் அது தெரியும்.

"மேடம், அவர் மலை வண்டியே ஓட்டட்டும்" என்றார் அண்ணி. பிறகு அண்ணனைப் பார்த்து, "நான் சொன்னதை நானே திருப்பி எடுத்துக்கறேன். காஞ்ச ரோட்டுல வேணாம். சாதாரணமா ஓட்டுங்க" என்றார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எனக்கென்ன பயம்?"

மறுநாள் அவர் கிளம்பிப் போனார். எனக்கு அன்று மத்தியானத்தோடு வேலை முடிந்தது. வாசலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் மெஷின் விட்டு விட்டு ஓடியது. அண்ணி தைத்த மடிப்பையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தால் ஒற்றை வார்த்தையில் பதில். ஒன்பது வருஷமாக மலை நாட்களில் அண்ணன் வீடு திரும்புவது ஏழு மணிக்கு. அந்த நேரத்துக்குத்தான் அண்ணி அடுப்பைப் பற்றவைப்பார், வாசல் விளக்கைப் போடுவார்.

மணி ஐந்தே முக்கால்கூட ஆகவில்லை. தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டது.

மெஷின் நின்றது. அடுத்த நொடி அண்ணி செருப்பில்லாமல் தெருவில் நின்றார், தோளில் பாதி தைத்த திரைச்சீலை தொங்க. முகத்தில் ரத்தமே இல்லை. வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய் முன் சக்கரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சுற்றிவந்து மறுபக்கம் பார்த்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பது அண்ணன்தானா என்று கண்ணாடிக்கு நெருக்கமாக முகத்தை வைத்துப் பார்த்தார். அண்ணன் கண்ணாடியை இறக்கி, ஒன்றும் புரியாமல், "என்னாச்சும்மா?" என்றார்.

"உங்களுக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"அப்புறம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க? ஏழு மணிக்கு வர்ற வண்டி ஆறுக்குள்ள வந்து நின்னா நான் என்னன்னு நினைக்கறது?"

"சின்னக் கியர் போடலை, அதான் சீக்கிரம் வந்துட்டேன். நீதானே வேணாம்னு சொன்ன?"

"சொன்னேன்! சொன்னா உடனே கேட்டுடறதா?" என்று கத்திவிட்டு அண்ணி அந்தத் தெருவிலேயே வண்டிக் கதவில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். அண்ணன் இறங்கக்கூட முடியவில்லை, கதவில் அண்ணி. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அந்தத் திரைச்சீலையின் ஓரத்தாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"சரி, நாளைக்கு மெதுவா வர்றேன்."

"ஒண்ணும் வேணாம். இதே மாதிரி வாங்க" என்றார் அண்ணி. "நான் பழகிக்கறேன்."